மஞ்சளித்துப்போன ஜெட்ஃபயரை வெளுக்கலாமா?

வெண்கொக்கு:
மாமா வீட்டைக் காலி செய்தபோது ஓர் அட்டைப்பெட்டி என்னிடம் வந்து சேர்ந்தது. உள்ளே 1985ஆம் ஆண்டின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஜெட்ஃபயர், விமானமாகவும் ரோபோவாகவும் உருமாறும் பொம்மை. வெள்ளை விமானமாக இருந்திருக்க வேண்டும்; இப்போது மார்பும் இறக்கைகளும் பழைய நாளிதழ் நிறம். கால்கள் மட்டும் ஓரளவு வெளுப்பாக இருக்கின்றன. சிவப்புக் கவசத் துண்டு ஒன்றைக் காணவில்லை. இடது தோள் தளர்ந்து, துப்பாக்கியைப் பிடிக்க வைத்தால் கை மெல்லக் கீழே இறங்கிவிடுகிறது. அதே பெட்டியில், பொன்னிறத் துகள் கலந்த பிளாஸ்டிக்கில் செய்த சிறிய ரோபோ ஒன்றும் இருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்தால் வெள்ளை திரும்பிவிடும் என்கிறார்களே, செய்யலாமா? விற்கும் எண்ணம் இல்லை. மாமா இருந்தவரை இதை யாரையும் தொட விட்டதில்லை. இப்போது எனக்கே தொடப் பயமாக இருக்கிறது.

பளபளப்பு:
தாராளமாகச் செய்யுங்கள். நான் 12 சதவீதக் கிரீமைப் பூசி, காயாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஒரு பகல் முழுவதும் வெயிலில் வைத்தேன். புதிதுபோல ஆகிவிட்டது. கையுறை மட்டும் மறக்க வேண்டாம்.

மூட்டுவலி:
பளபளப்பு, அந்த ரோபோவை இரண்டு வருடம் கழித்து மறுபடி படம் எடுத்துப் போடுங்கள். பிறகு பேசுவோம்.

வெண்கொக்கு, நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன். என்னுடைய முதல் ஜெட்ஃபயருக்கு இதே வைத்தியம்தான் பார்த்தேன். கிரீம் தடித்துப் படிந்த இடம் ஒரு வெள்ளை, மெலிந்த இடம் வேறு வெள்ளை. இறக்கையில் மேகம் படிந்தாற்போல் வரிகள் விழுந்தன. ஒட்டுப்படங்களைக் கழற்றாமல் செய்த மடத்தனம் வேறு, ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. கதவடைத்த அலமாரியில் வெளிச்சம் படாமல்தான் வைத்திருந்தேன். அப்படியும் மஞ்சள் திரும்பி வந்தது. வரிகள் மட்டும் போகவில்லை.

காரணம் எளிது. அது ஏபிஎஸ் பிளாஸ்டிக். அதில் கலந்திருக்கும் பியூட்டாடையீன் என்ற ரப்பர்த்தன்மையுள்ள பொருள் ஒளியும் காற்றும் பட்டு ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அதன் அடையாளம்தான் மஞ்சள். பெராக்சைடு நிறத்தை எடுக்கிறது, நடந்துவிட்ட மாற்றத்தை எடுப்பதில்லை. கால் வெளுத்தும் மார்பு மஞ்சளாகவும் இருப்பதில் வியப்பில்லை: ஒவ்வொரு பாகமும் தனித்தனியே வார்க்கப்பட்டது, மூலப்பொருள் ஒரே கலவையாக இருந்திருக்க வேண்டியதில்லை. சில பாகங்கள் வெளிச்சத்தைப் பார்த்தபடி நின்றிருக்கும், சில நிழலில். மஞ்சள் படியாத பழைய ஜெட்ஃபயர் கிடைப்பதே அரிது. என் கண்ணுக்கு மஞ்சள் ஒரு குறையே இல்லை. பார்க்க வேண்டியது மூட்டை. (என் பெயரே சொல்லும்.)

யாராவது ஒரு பழைய ரோபோவை என்னிடம் நீட்டினால் முகத்தைப் பார்க்க மாட்டேன். திருகாணியில் துரு இருக்கிறதா, மூட்டு ஊசி நுழையும் இடத்தில் பிளாஸ்டிக் வெண்மையாக வெளிறியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்த வெளிறல்தான் விரிசலின் முன்னறிவிப்பு. அடுத்து ஒற்றைக் காலில் நிறுத்துவேன். தானாகச் சாய்ந்தால் இடுப்பு போயிற்று. கடைசியாகத்தான் நிறம், பெட்டி, ஒட்டுப்படம் எல்லாம்.

உங்கள் தோளுக்கு: தரைக்குப் பூசும் அக்ரிலிக் மெருகில் ஒரு துளியைப் பல்குச்சி முனையில் எடுத்து மூட்டு இடுக்கில் விட்டு, நாலைந்து முறை அசைத்துவிட்டு, ஒரு நாள் காயவிடுங்கள். போதவில்லை என்றால் மறுநாள் இன்னொரு துளி. பசை மட்டும் வேண்டாம். தளர்ந்த மூட்டை மறுபடி இறுக்கிக்கொள்ளலாம், ஒட்டிப்போன மூட்டைத் திருப்பினால் ஊசியோடு உடையும்.

இனி அந்தப் பொன்னிற ரோபோ. கேள்வியில் அதை ஓரமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. 1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் பொன்துகள் கலந்து வார்த்த சில வகைப் பிளாஸ்டிக் காலப்போக்கில் பிஸ்கட்போல நொறுங்கும். சேகரிப்பவர்கள் இதைக் 'கோல்டு பிளாஸ்டிக் சிண்ட்ரோம்' என்றே அழைக்கிறார்கள். பெட்டியை விட்டே வெளியே எடுக்காத பொம்மைகளும் தப்பவில்லை. என் கையில் ஒன்று அப்படிப் போனது: நான் அழுத்தக்கூட இல்லை, காலை மடக்கப் பார்த்தேன், தொடை மூன்று துண்டு. ஒட்டினாலும் ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் உடைந்தது. உங்களுடையதைத் தயவுசெய்து உருமாற்ற வேண்டாம். இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ, ரோபோவோ வண்டியோ, அப்படியே இருக்கட்டும்.

திருகாணி:
மூட்டுவலி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பெட்டிக்குள் ரப்பர் போன்ற டயர் உள்ள பொம்மைகள் ஏதும் இருந்தால் மற்றவற்றோடு ஒட்டி வைக்காதீர்கள். மென்மையான பிவிசியிலிருந்து நெகிழ்வூட்டி கசிந்து, பக்கத்தில் இருக்கும் கெட்டியான பிளாஸ்டிக்கை உருக்கியதுபோல் குழியாக்கிவிடும். பிவிசி உறையும் அப்படித்தான். பாலித்தீன் பை போதும்.

அடியில் பொறித்திருக்கும் ஆண்டைப் பார்த்து மிரளவும் வேண்டாம். அது பதிப்புரிமை ஆண்டுதான், செய்த ஆண்டு அல்ல. ஜப்பானிய டகாரா நிறுவனத்தின் முந்தைய ரோபோ பொம்மைத் தொடரான டயக்ளோனின் வார்ப்பிலிருந்து வந்த டிரான்ஸ்ஃபார்மர்களில் 1984க்கு முந்தைய ஆண்டுகள் இருக்கும்.

மூட்டுவலி:
சரியாகச் சொன்னீர்கள். ஜெட்ஃபயரின் கதை இன்னும் சுற்று. அதன் வார்ப்பு டகாரா செய்ததே அல்ல. டகடோகு நிறுவனம் மாக்ரோஸ் என்ற ஜப்பானிய அனிமே தொடருக்காக 1/55 அளவில் செய்த வால்கிரி விமானம் அது. பிறகு பண்டாய் என்ற இன்னொரு ஜப்பானியப் பொம்மை நிறுவனத்தின் கைக்குப் போனது. பண்டாய் பின்னாளில் வால்கிரியை மறுவெளியீடும் செய்தது. அதனால் காணாமல்போன கவசத்துக்குத் துண்டு தேடும்போது டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மாக்ரோஸ் என்ற இரண்டு உலகத்திலும் தேடலாம். ஆனால் நிறம் பொருந்தாது, அதை மறைத்துச் சாயம் பூசி யாராவது நீட்டுவார்கள். பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பிற்காலத் துண்டைப் பொருத்தினால் ஒரு சீட்டில் குறித்துப் பெட்டிக்குள் போடுங்கள், அடுத்து வாங்குகிறவர் ஏமாறக் கூடாது.

வெண்கொக்கு:
எல்லோருக்கும் நன்றி. பெராக்சைடு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். பொன்னிறத்தை இனித் தொடுவதாக இல்லை, ஆனால் நேற்றே ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டேன். கழுத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறது.

மூட்டுவலி:
திருப்பிய தலையை மறுபடி நேராக்க முயல வேண்டாம். அப்படியே பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருக்கட்டும்.