புதுப்பிப்பு: அப்பா எழுந்தால் கண் இருட்டுவது
கடலூர் முதுநகரில் இருக்கும் அப்பாவுக்குப் படுக்கையை விட்டு எழுந்தாலே கண் இருட்டுகிறது என்று முன்பு இங்கே எழுதியிருந்தேன். சிலர் உப்பைக் கூட்டச் சொன்னீர்கள். காரணம் தெரிந்துவிட்டது.

டாக்டர் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து 3 நிமிடத்துக்குள் மறுமுறை பிரஷர் பார்த்தார். 138 இருந்த மேல் அளவு 108க்கு இறங்கியது. நின்றதும் மேல் அளவு 20 குறைந்தாலே கவனிக்கணும். புராஸ்டேட் சுரப்பிப் பிரச்சினைக்குச் சாப்பிடும் டாம்சுலோசின் மாத்திரை ரத்தக்குழாயைத் தளர்த்துமாம், அதனால் எழும்போது பிரஷர் இறங்குமாம். கூடவே பிரஷர் மாத்திரை. இந்த வெயிலில் தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை. மாத்திரையை டாக்டரே மாற்றிக் கொடுத்தார். தயவுசெய்து யாரும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உப்பைக் கூட்டச் சொன்னீர்களே, பிரஷர் உள்ளவருக்கு அது வேண்டாம் என்றார் டாக்டர்.

இப்போது அப்பா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, பாதத்தை நன்றாக ஆட்டிவிட்டுத்தான் எழுகிறார். ராத்திரி பாத்ரூம் போவதுதான் பயம். அங்கே கைப்பிடி போட்டாச்சு.