ஐம்பது தாண்டியவர்களின் கிரிக்கெட் கிளப்: ஆள் சேர்வதும் நிலைப்பதும்

அறுபது வயசு தாண்டினவங்களுக்கான உலகக் கோப்பை 2024ல சென்னையிலேயே நடந்தது. அந்த மட்டத்து ஆட்டம் வேற, ஞாயித்துக்கிழமை காலை கிளப் வேற. கிளப்புக்கு ஆள் சேர்க்கிறது கஷ்டமே இல்லை. பழைய காலேஜ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வரி போட்டாலே இருபது பேர் கை தூக்குவாங்க. மூணாவது மாசம் எத்தனை பேர் மிச்சம்ங்கறதுதான் கேள்வி. முதல்ல கழண்டுக்கிறவர் பெரும்பாலும் எட்டாவதா இறங்குறவர்தான். விடியக்காலைல எழுந்து வந்து, 25 ஓவர் ஃபைன் லெக்ல நின்னு, ஒரு பந்துகூட ஆடாம, பங்குக் காசும் கொடுத்துட்டுப் போறார். ரெண்டு வாரம் இப்படிப் போனா, மூணாவது வாரம் "வீட்ல விசேஷம்"னு மெசேஜ் வரும்.

அதனால ரிட்டயர் விதியை (இத்தனை பந்து ஆடினதும் அவுட் ஆகாமலே வெளிய வந்து அடுத்தவருக்கு இடம் விடுறது) கணக்குப் போட்டு வைங்க. 25 ஓவர்னா 150 பந்து. ஆளுக்கு 30 பந்துன்னு வெச்சா, விக்கெட் விழாத நாள்ல அஞ்சே பேர் மொத்தத்தையும் முடிச்சிடுவாங்க. 20னு வெச்சா குறைஞ்சது எட்டு பேருக்கு பேட் கிடைக்கும். பவுலிங்கும் அப்படித்தான்: ஆளுக்கு 5 ஓவர்னா அஞ்சு பேரோட முடிஞ்சுடும், 3னா ஒன்பது பேர் போட்டே ஆகணும். ரிட்டயர் ஆனவர் கடைசில திரும்ப இறங்கலாமாங்கறதை டாஸ் போடும்போதே பேசிடுங்க. காயம், உடம்பு சரியில்லாதது மாதிரி தவிர்க்க முடியாத காரணம் இல்லாம ரிட்டயர் ஆனவர் திரும்ப ஆட, எம்சிசி (கிரிக்கெட் விதிகளை எழுதுற லண்டன் கிளப்) விதிப்படி எதிரணி கேப்டன் சம்மதிக்கணும். நடு ஆட்டத்துல கேட்டா சம்மதம் வராது, சண்டைதான் வரும்.

*

மேல எழுதின சார் சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கணும். பேட் கிடைக்காதவர் பேரை ஸ்கோர் புக்கோட கடைசிப் பக்கத்துல எழுதி வைங்க, அடுத்த வாரம் அவர்தான் ஓப்பனிங். வாய்ல சொன்னா யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பதினோரு பேரை மட்டும் நம்பிக் கிரவுண்ட் புக் பண்ணாதீங்க. பன்னிரண்டு, பதிமூணு பேர் பட்டியல்ல இருக்கட்டும். எல்லாரும் பேட் பண்ணலாம், ஃபீல்டுல மட்டும் பதினோரு பேர், ரெண்டு மூணு ஓவருக்கு ஒருத்தர் நிழலுக்கு வந்து போகலாம். ஐம்பத்தெட்டு வயசு முட்டிக்கு அந்தப் பத்து நிமிஷம் பெரிய விஷயம்.

ஆள் குறையுதுன்னு மகனையோ ஆபீஸ் பசங்களையோ இறக்குறதுதான் கிளப்பைக் கெடுக்கிற முதல் வேலை. இருபத்திரண்டு வயசுப் பையன் முழு வேகத்துல போட்டா எதிர்ல நிக்கிறவருக்குக் கை தூக்கவே நேரம் இருக்காது. வர்ற பையன் சப்ஸ்டிட்யூட்டா ஃபீல்டிங் பண்ணட்டும், பவுலிங் கூடாது. விதியும் அதைத்தான் சொல்லுது.

ரன்னர் (அடிபட்ட பேட்ஸ்மேனுக்குப் பதிலா ரன் ஓடுறவர்) விவகாரமும் அடிக்கடி வரும். சர்வதேச ஆட்டங்கள்ல 2011லயே எடுத்துட்டாங்க, எம்சிசி விதியில இன்னும் இருக்கு. ஆனா அன்னைக்கு ஆட்டத்துல பட்ட காயத்துக்குத்தான். பத்து வருஷமா வலிக்கிற முட்டிக்கு ரன்னர் வேணும்னா ரெண்டு கேப்டனும் முன்கூட்டியே ஒத்துக்கணும். ரன்னரும் கைல பேட்டோட, காலுக்கு பேடு, கிளவுஸ் எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் ஓடணும்.

*

பந்து, மேட் (பிட்சில் விரிக்கும் பாய்) இரண்டைப் பற்றியும் மேலே எழுதியவர்கள் யாரும் சொல்லவில்லை.

ஆண்கள் ஆடும் லெதர் பந்து சுமார் 156 முதல் 163 கிராம். பெண்கள் கிரிக்கெட்டுக்கான பந்து 140 முதல் 151 கிராம். அறுபதைத் தாண்டியவர்கள் அதிகமுள்ள கிளப்பில் இரண்டாவதை வாங்குவது நல்லது. கையில் பட்டால் வலிக்கும்தான், ஆனாலும் எடை குறைவு. சிறிய விரல்களுக்கும் பிடி கிடைக்கும். டென்னிஸ் பந்துக்குப் போனால் அடிபடாது என்பார்கள். பாதிதான் சரி. எடையில்லாத பந்தைத் தூரத்திலிருந்து எறிய முழுத் தோளையும் வீச வேண்டும். வயதான தோளுக்கு அது ஆகாது.

மேட் விஷயத்தில் சோம்பல் கூடாது. தரையை முதலில் பெருக்குங்கள். அடியில் மாட்டிய ஒரு கூழாங்கல் போதும், பந்து முகத்துக்கு எழும்பும். ஒரு முனையை முழுதாக ஆணியடித்து, மறுமுனையில் நான்கு பேர் பிடித்து இழுத்த பிறகு அந்த முனைக்கு அடியுங்கள். பக்கவாட்டு ஆணிகளைக் கடைசியில், இரண்டு பக்கமும் மாறி மாறி. ஒரே பக்கமாக அடித்துக்கொண்டே போனால் மறுபக்கம் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தில் கால் தடுக்கித்தான் பேட்ஸ்மேன் விழுவார். ஆணித் தலை தரையோடு அமுங்கியிருக்கிறதா என்று காலால் தடவிப் பாருங்கள். தேங்காய் நார் மேட்டில் சணல் மேட்டைவிடப் பந்து எழும்பும், பிடித்துத் திரும்பும். ஸ்பின்னர்களுக்குக் கொண்டாட்டம். பந்து எழும்புவதால் ஹெல்மெட் இல்லாமல் யாரும் நிற்க வேண்டாம். ஸ்பைக்ஸ் ஷூவும் வேண்டாம், ரப்பர் ஸ்டட் போதும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் மேட் மக்கிப்போகும்.

*

காசு: கிரவுண்ட், பந்து, அம்பயர் எல்லாம் சேர்ந்து 6,600 ஆகுதுன்னு வெச்சுக்கோங்க, 22 பேருக்கு தலைக்கு 300. வெள்ளி ராத்திரி எட்டு மணிக்குள்ள பணம் அனுப்பினாத்தான் பேர் உறுதி, அப்புறம் வரலைன்னாலும் திரும்பக் கிடையாது. கடுமையாத் தெரியும், ஆனா இது இல்லாத கிளப்ல காசு போடுறது எப்பவும் அதே மூணு பேர்தான். உறுப்பினர் கூடிட்டா ஒருத்தரோட ஜிபே நம்பர்ல பணம் சேர விடாதீங்க. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன்படி ஏழு பேர் இருந்தாலே பதிவு பண்ணலாம். சங்கத்துப் பேர்லயே பேங்க் கணக்கு தொடங்கலாம்.

*

உடம்பைப் பற்றி அண்ணன்மார்களுக்குச் சிலது.

ப்ரோகிரசிவ் கண்ணாடி (மேலே தூரப் பார்வை, கீழே படிக்கும் பவர்) போட்டுக்கொண்டு கேட்ச் பிடிக்கப் போகாதீர்கள். பந்து மேலிருந்து இறங்கி நெஞ்சுக்கு வரும்போது பார்வை கண்ணாடியின் கீழ்ப்பகுதிக்கு வந்துவிடும். அது படிப்பதற்கான பவர். கடைசி இரண்டு அடியில் பந்து மங்கிப்போய் விரல் நுனியில் அடிக்கும். தூரப் பார்வைக்கு மட்டும் தனியாக ஒரு பாலிகார்பனேட் (எளிதில் உடையாத பிளாஸ்டிக்) கண்ணாடி செய்துகொள்ளுங்கள்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க க்ளோபிடோக்ரல் மாதிரி மாத்திரை சாப்பிடுபவருக்குத் தலையில் பந்து பட்டால், நன்றாக இருப்பதாக அவரே சொன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். உள்ளே ரத்தம் கசிவது தாமதமாகத் தெரியலாம். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் சாப்பிட்டு முடித்த கையோடு வேகமாக ஓட வேண்டாம். குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற தசைநார் அறுந்துபோகும் ஆபத்து அந்த மருந்தில் உண்டு, அறுபதுக்கு மேல் அதிகம். எப்போது ஓடலாம் என்பதை டாக்டரிடம் கேளுங்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர் வெறும் வயிற்றோடு இறங்கக் கூடாது.

ஒருவர் சுருண்டு விழுந்து, கூப்பிட்டும் பேச்சில்லாமல், மூச்சும் சரியாக இல்லை என்றால் தண்ணீர் தெளித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஒருவர் 108க்கு அடிக்க, இன்னொருவர் நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள்; களைத்த கை ஆழமாக அழுத்தாது. ஸ்கூல் கிரவுண்டில் ஆடுகிறவர்கள், டாஸ் போடுவதற்கு முன்னால் வாட்ச்மேனிடம் பெரிய கேட்டின் சாவி எங்கே என்று கேட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை சின்னக் கதவுதான் திறந்திருக்கும், ஆம்புலன்ஸ் அதில் நுழையாது.