சந்திரலேகா சீரியலை முதல்ல இருந்து ஒழுங்கான வழியில பாக்க ஏலுமோ?

கொக்குவில்_பெடியன்:
வணக்கம் எல்லாருக்கும். எங்கட அம்மம்மா சன் ரீவில மத்தியானம் போன சந்திரலேகாவை விடாமப் பாத்தவ, இடையில கண் ஒப்பரேசன், பிறகு கேபிளும் இல்லை எண்டு கனக்க விட்டுப்போச்சு, இப்ப திரும்ப முதலாவதில இருந்து பாக்கோணுமாம். 2014ல தொடங்கி 2022 மட்டும் போனது, 2,000 எபிசோட்டுக்கு மேல. கூகிள்ல தேடினா களவா ஏத்தின சைற்றுகள்தான் முன்னுக்கு வருது, பிளேயை அமத்தினா சூதாட்ட விளம்பரம் திறக்குது, உதோட டப்பை அவவின்ர கையில குடுக்கேலாது. காசு கட்டினாலும் பரவாயில்லை, யாழ்ப்பாணத்தில இருந்து பாக்கக்கூடிய வழி தெரிஞ்சா சொல்லுங்கோ. விபிஎன் கதை வேண்டாம் ப்ளீஸ், 78 வயசு மனுசி.

நெல்லியடி_அக்கா:
காசு ஏன் தம்பி? அந்த நாடகத்தை எடுத்தது சரிகம கம்பனி, அவையளே தங்கட யூரியூப் சனல்ல போட்டிருக்கினம். தமிழ் சீரியலுகளுக்கெண்டு தனிச் சனல் இருக்கு, சரிகம ரீவி ஷோஸ் தமிழ் எண்டு அடிச்சுப் பாருங்கோ, வள்ளியும் அதிலதான் கிடக்கு. அம்மம்மா நம்பாட்டி பழைய எச்எம்வி இசைத்தட்டில நாய்ப்படம் போட்ட கம்பனிதான் இது எண்டு சொல்லுங்கோ, உடன விளங்கும் 😄

வடமராட்சி77:
சன் நெக்ஸ்ட் எடுங்கோ, சன் குழுமத்தின்ர சொந்த ஆப், 2017ல வந்தது. காசு கட்ட முதல் உங்கட போனில திறந்து அந்த நாடகம் முதல் எபிசோட்டில இருந்து கிடக்கோ எண்டு தேடிப் பாருங்கோ, சில ஆப்பில கடைசிப் பகுதி மட்டும்தான் விட்டு வைச்சிருப்பினம். பாங்க் கார்ட்டில வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கோணும், இல்லாட்டி பேமன்ட் போகாது.

நெல்லியடி_அக்கா:
ஒரு நாடகத்துக்காக மாதாமாதம் காசு தேவையில்லை எண்டுதான் நான் சொல்லுவன். ஒரு எபிசோட் 20 நிமிசம் எண்டு வைச்சா ஒரு நாளைக்கு 4 பாத்தாலும் முடிய 500 நாளுக்கு மேல போகும், அவ்வளவு காலமும் ஆப்புக்குக் கட்டுறதோ?

ஒண்டு கவனம், அதே பேரில ஆராரோ ஏத்தின சனலுகளும் வரும், படத்தைத் திருப்பிப் போட்டு, சத்தத்தை மாத்தி, ஓரத்தில பூப்போட்டு, பாக்கவே எரிச்சல். கம்பனியின்ர சனலுக்குள்ள போய் பிளேலிஸ்டில இருந்து தொடங்குங்கோ, தேடல்ல வாறதை அமத்த விடாதேங்கோ. ஆட்டோபிளே தன்ர பாட்டுக்கு வேற நாடகத்துக்குத் தாவும், பிறகு மனுசி இவள் ஆர் புதுசா எண்டு கேக்கும்.

இணுவில்_மச்சான்:
அக்கா சொன்னதுதான் சரி. டேட்டாவைப் பாருங்கோ மச்சான், குவாலிற்றியை 360ல விட்டா டப்புக்குக் காணும். ஸ்மார்ட் ரீவி எண்டா வைஃபை லைன் இல்லாமச் சரிவராது.

இது முடிஞ்சா அடுத்ததும் கேப்பா, இப்பவே தெரிஞ்சு வையுங்கோ: கோலங்கள், தெய்வமகள் எடுத்தது விகடன், சித்தி ராதிகாவின்ர ராடான். எந்த நாடகம் எண்டாலும் சனலைத் தேட முதல் ஆர் எடுத்தது எண்டு தேடுங்கோ, அதுதான் குறுக்குவழி.

கொக்குவில்_பெடியன்:
நன்றி அக்கா, கிடைச்சிட்டுது, படமும் வடிவாத் தெரியுது. வடமராட்சி அண்ணை, ஆப்பைப் பிறகு பாப்பம். ஒரு பிரச்சினை, விளம்பரம் வந்தா நாடகம் முடிஞ்சுது எண்டு டப்பை மூடி வைக்கிறா.

நெல்லியடி_அக்கா:
ஸ்கிப் எங்க வரும் எண்டு ரெண்டு நாள் பக்கத்தில இருந்து காட்டுங்கோ. என்ர மாமியும் முதல்ல அப்பிடித்தான், இப்ப எனக்கே ரிமோட் தாறேல்ல.