ரைசோபியம் கலந்து விதைத்தும் பாசிப்பயறு மஞ்சளாக நிற்கிறது, அவசர உதவி

வேர்நுனி:
அமில மண். வேர்முடிச்சில் காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துத் தரும் ரைசோபியம், மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியா என்று இரண்டு பாக்டீரியா உரமும் கலந்துதான் விதைத்தேன். செடி குட்டையாக நிற்கிறது, கீழ் இலையெல்லாம் மஞ்சள். அமில மண்ணுக்கு உயிர் உரம் நல்லது என்றுதானே சொல்கிறார்கள்? இன்னொரு பாக்கெட் தண்ணீரில் கலந்து ஊற்றலாமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

களத்துமேடு:
மண்ணின் பி.எச். எவ்வளவு? அது குறையக் குறைய அமிலம் அதிகம். செடிக்கு என்ன வயது? விதை மருந்து கலந்து வந்ததா?

பூசணஇழை:
மணிச்சத்துக் குறைதான். அமில மண்ணில் இரும்பும் அலுமினியமும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேம் என்ற வேர்ப்பூஞ்சை உரம் போடுங்கள். அந்தப் பூஞ்சையின் இழைகள் வேர் எட்டாத இடத்திலிருந்தும் மணிச்சத்தை இழுத்து வரும்.

மண்ணாய்வு:
இதை இங்கே பலமுறை எழுதியாகிவிட்டது. பழைய பதிவுகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். மணிச்சத்து குறைந்தால் இலை கரும்பச்சையாக மங்கும். கீழ் இலை மஞ்சள் என்றால் முதலில் தழைச்சத்தைச் சந்தேகிக்க வேண்டும். செடியை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர்முடிச்சை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் ரைசோபியம் வேலை செய்கிறது. வெள்ளை என்றால் இல்லை.

களத்துமேடு:
அடிப்படைக் காரணம் அமிலம்தானே? சுண்ணாம்பு போட்டாக வேண்டும்.

பூசணஇழை:
சுண்ணாம்பு நுண்ணுயிரைக் கொன்றுவிடும். வேரோர நுண்ணுயிர்களே கரிம அமிலம் சுரந்து மண்ணைச் சரிசெய்யும்.

களத்துமேடு:
அமில மண்ணில் மேலும் அமிலம் சுரந்தால் எப்படிச் சரியாகும்?

மண்ணாய்வு:
இருவரும் பாதிதான் சொல்கிறீர்கள். பி.எச். 5.5-க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர்நுனியை முடக்கும். கரிம அமிலங்களில் சிட்ரேட், மாலேட் போன்றவை அந்த அலுமினியத்தைக் கட்டிக்கொள்வதால் அதன் நஞ்சு குறைகிறது. கோதுமையின் சில ரகங்களில் வேரே மாலேட் சுரக்கிறது. ஆனால் இதெல்லாம் வேரை ஒட்டிய சில மில்லிமீட்டருக்குள் நடப்பது. வயல் முழுவதையும் அது மாற்றாது. சுண்ணாம்பு விஷயம்: நீற்றிய சுண்ணாம்பு விதையில் பட்டால் ரைசோபியம் சாகும். நைசாக அரைத்த சுண்ணாம்புக்கல் தூளோ, ரைசோபியம் கலந்த விதைமேல் பூசினால் அதை அமிலத்திலிருந்து காக்கும்.

பூசணஇழை:
வேம் பற்றிச் சொன்னது தவறில்லையே?

மண்ணாய்வு:
தவறில்லை. ஆனால் அது இளம் வேரைத் தொட வேண்டும், விதைக்கும்போதே போட வேண்டும்.

வேர்நுனி:
பி.எச். 4.7. விதை பூஞ்சைக்கொல்லி கலந்து வந்தது. முடிச்சு ஒன்றிரண்டுதான், உள்ளே வெள்ளை.

களத்துமேடு:
அந்த மருந்தே ரைசோபியத்தைக் கொன்றிருக்கலாம். தப்பியதை அமிலம் விட்டிருக்காது. முடிச்சு தொடங்கும் கட்டமே அதில் கெடும். இப்போது பாக்கெட் ஊற்றிப் பெரிய பயன் இல்லை. இந்தப் பயிருக்குக் கொஞ்சம் தழைச்சத்து, நைட்ரேட் வடிவில் கொடுங்கள். அம்மோனியம் உரம் அமிலத்தைக் கூட்டும். அடுத்த விதைப்புக்குச் சில மாதம் முன்பே, மண் பரிசோதனை சொல்லும் அளவில் சுண்ணாம்புக்கல் தூள் போட்டு மண்ணில் கலந்துவிடுங்கள். அப்புறம் அமிலம் தாங்கும் ரைசோபியம் கேட்டு வாங்குங்கள்.

பூசணஇழை:
அதோடு வேமும்.

வேர்நுனி:
சரி. நைட்ரேட் போடுகிறேன். மருந்து கலக்காத விதை எடுத்து வைக்கிறேன்.