தன் கல்விக் கூட்டத்தைத் தானே நடத்தவிருக்கும் மாணவி: உங்கள் அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். கற்றல் குறைபாடும் பேச்சுத் தடுமாற்றமும் உள்ள 14 வயது மாணவி ஒருத்தியின் சிறப்பாசிரியர் நான். அவளுடைய தனிநபர் கல்வித் திட்டத்தை (அவளுக்கென்றே வகுத்த கற்றல் இலக்குகளும் உதவிகளும் அடங்கிய திட்டம்) பரிசீலிக்கும் ஆண்டுக் கூட்டத்தை இம்முறை தானே தலைமையேற்று நடத்த விரும்புகிறாள். சென்ற ஆண்டு அவள் முன்னிலையிலேயே நெடுநேரம் அவளைப் பற்றிப் பேசிய நாங்கள், அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் தம்மைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லவும், அதற்குரிய உதவியைப் பெறவும் உரிமை உடையவர்கள் என்பதை மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த 2006ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை தன் 7ஆவது பிரிவிலேயே உறுதி செய்திருக்கிறது.

தன் பலம் எது, எது கடினம், தேர்வில் கூடுதல் நேரம் ஏன் தேவை என்பதையெல்லாம் சொந்தச் சொற்களில் எழுதி ஒத்திகையும் பார்த்துவிட்டாள். ஆனால் யாரேனும் மறுத்துப் பேசினால் அவள் வாயடைத்துப் போகிறாள். நானும் என்னையறியாமல் குறுக்கிட்டு அவளுக்காகப் பதில் சொல்லிவிடுகிறேன். மறுப்பை எதிர்கொள்ள உங்கள் மாணவர்களை எப்படிப் பழக்கினீர்கள்? பேச்சு தடைபடும்போது எழுதிய அட்டையோ, முன்பே பதிவு செய்த குரலோ பயன்பட்டதா? பெரியவர்கள் பொறுமையாகக் காத்திருக்க என்ன சொல்லி வைக்கலாம்? இத்தகைய கூட்டத்தை நடத்திய மாணவர்களே எழுதினால், அதை அவளுக்கு அப்படியே படித்துக் காட்டுவேன். கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரங்கள் இருக்கின்றன.