புதுப்பிப்பு: காறை எலும்பு முறிவுக்குப் பின் தோள் இறுக்கம்

தனுஷ்கோடியை அடுத்த அரிச்சல்முனைச் சாலையில், காற்று வாரியிறைத்திருந்த மணலில் சைக்கிள் சறுக்கி இடது காறை எலும்பு (கழுத்தடியிலிருந்து தோள்வரை செல்லும் எலும்பு) முறிந்ததையும், கையைத் தாங்கும் ஸ்லிங்கைக் கழற்றிய பின்னும் கை தோளுக்கு மேல் எழாததையும் முன்பு எழுதியிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, குனிந்து நின்று கையைத் தளரத் தொங்கவிட்டு, கிணற்று வாளி போல மெல்ல வட்டமிடச் சொன்ன யோசனைதான். எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருப்பதைப் பார்த்த மருத்துவர் அதற்கு இசைந்ததோடு, சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறும் பயிற்சியையும் சேர்த்தார். (பெரியவர்களுக்கு இம்முறிவு சேர வழக்கமாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும்.) சிலர் சொன்ன எண்ணெய் உருவலை அவர் அடியோடு தடுத்துவிட்டார்.

எதிர்பாராதது, முறிந்த இடத்தில் நிற்கும் புடைப்பு. அது ஒட்டும்போது உருவான புது எலும்பாம். வலியில்லை, தோள்பையின் வார் மட்டும் உரசுகிறது. பாம்பன் பாலத்து எதிர்க்காற்றில் ஹேண்டிலை இறுகப் பிடிக்க இன்னும் பலம் போதாததால், மண்டபத்துக்கு இப்போதைக்குப் பேருந்துதான்.