எஃப்.ஆர்.சி.ஆர். பரீட்சைக் கட்டணம் கட்ட முடியவில்லை, உதவுங்கள்

எஃப்.ஆர்.சி.ஆர். (கதிரியக்க மருத்துவத்துக்கான பிரித்தானியப் பரீட்சை) முதற்கட்டப் பரீட்சைக்குப் பதியப் பார்க்கிறேன். கட்டணம் போகவே மாட்டேன் என்கிறது. இருப்பது ஹட்டன் பக்கம், ஆஸ்பத்திரி குவாட்டர்ஸில். பவுண்ஸில் கட்ட வேண்டும். கார்ட் விபரங்களை ஏற்கிறது, ஆனால் ஓடிபி வருவதற்குள் பக்கம் காலாவதியாகிவிடுகிறது. மழை நாளில் இங்கே சிக்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

டவுனுக்கு இறங்கிப் பார்த்தேன். ஓடிபி உடனே வந்தது, அப்புறம் கார்ட்டே நிராகரிக்கப்பட்டது! வங்கியில் கேட்டால் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்துதான் இருக்கிறதாம். டெபிட், கிரெடிட், வேறு பிரவுசர், அண்ணனின் லெப்டொப் எல்லாம் பார்த்தாயிற்று. பதிவு இந்த வாரக் கடைசியில் மூடுகிறது.

பரீட்சையின் உடற்கூற்றியல் பகுதிக்கு 90 நிமிடத்தில் 100 படம் என்று பழகி வருகிறேன். பௌதிகப் பகுதி இழுக்கிறது, அது வேறு கதை.

இலங்கையிலிருந்து அண்மையில் கட்டிய டொக்டர்மார், எந்த வகைக் கார்ட்டில் எப்படிக் கட்டினீர்கள்?